லிங்க் போட்டால் மட்டும் போதாது
"லிங்க் போட்டுவிட்டால் தூங்கும்போதும் பணம் வரும்" என்று அஃபிலியேட் மார்க்கெட்டிங் பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதாவது, நம் தளத்தில் ஒரு கடையின் பொருளுக்கு லிங்க் போட்டு, அதன் வழியாக வாசகர் வாங்கினால் கமிஷன் பெறும் முறை. கிளிக் செய்தால் காசு வராது, வாங்கினால்தான் கமிஷன். அதற்கும் கெடு உண்டு. அமேசான் 1996-இல் தொடங்கிய கமிஷன் திட்டமான அமேசான் அசோசியேட்ஸில் பொதுவாக, கிளிக் செய்ததிலிருந்து 24 மணி நேரம்தான். அதற்குள் கூடையில் சேர்க்காமல், வாசகர் இரண்டு நாள் யோசித்து நேரே போய் வாங்கினால் நமக்கு ஒன்றும் கிடையாது. பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டாலும் கமிஷன் போச்சு.

அப்புறம், இது கமிஷன் லிங்க் என்பதை மேலேயே சொல்லிவிட வேண்டும். அடியில் பொடி எழுத்தில் ஒளிப்பது வாசகரை ஏமாற்றுவதுதான். ஹெட்போனைப் பற்றி எழுதுகிறீர்களா? ஒரு மணி நேரம் மாட்டியிருந்தால் காது வலிக்கிறதா என்று எழுதுங்கள். பெட்டியில் அச்சிட்ட விவரம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அதற்காக யாரும் உங்கள் தளத்துக்கு வரப்போவதில்லை.