மாப்பிள்ளைக்கு மரியாதை சரி, அவர் நாய்க்குமா?

நாயைக் கூட்டிக்கொண்டு விருந்துக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாளாவது சொல்லித் தொலையுங்கள். சமயபுரம் டோல்கேட்டைத் தாண்டிவிட்டு, "அண்ணி, அரை மணி நேரத்துல வந்துடுவோம், கோகோவும் வர்றான்" என்று போன் போட்டால் நான் என்ன செய்வது? சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் காரில் வந்தவர்களை அப்படியே திரும்பிப் போங்கள் என்றா சொல்ல முடியும்? முடியாது என்று தெரிந்துதான் டோல்கேட் வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வருவது நாத்தனார். கூட வருவது வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றால் என் மாமியாருக்கு முதுகு தானாக வளைந்துவிடும். அவருக்குச் செய்கிற மரியாதை அவர் கையில் பிடித்திருக்கிற சங்கிலி வழியாக இறங்கி, அந்தப் பக்க முனையில் இருக்கிற நாய்க்கும் போய்விடுகிறது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் வீட்டில் செல்லி இருக்கிறாள். தெருமுனைச் சாக்கடையில் விழுந்து கத்திக்கொண்டிருந்த குட்டியை என் மகள் தூக்கிவந்து வளர்த்தது. நாட்டு நாய். கறுப்பு உடம்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை. பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் தண்ணீர் வடிந்து ஈரமாகவே இருக்கிற மண்ணில் ஒரு பள்ளம் பறித்து வைத்திருக்கிறாள். வெயில் காலத்தில் அவள் வாழ்க்கையே அந்தப் பள்ளம்தான். பக்கத்தில் அவளுடைய எவர்சில்வர் கிண்ணம். அவ்வளவுதான் அவள் சொத்து.

கோகோ கோல்டன் ரெட்ரீவர். நல்ல பையன், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக் குளிரில், சுட்டு விழுத்திய பறவைகளைத் தண்ணீரிலிருந்து கவ்விக்கொண்டு வருவதற்காக உருவாக்கிய இனம் அது. உடம்பு முழுக்க இரண்டு அடுக்கு ரோமம். அதைத் திருச்சியில் அக்னி நட்சத்திரத்தில், ஆறு மணி நேரம் காரில் அடைத்து வைத்திருந்துவிட்டு, கதவைத் திறந்ததும் நேராக அடுத்தவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டால் அது எந்த மனநிலையில் இருக்கும்? மூத்திரம்கூடப் போகவில்லை. மூச்சிரைக்க இறங்கியவன் குளுமையான இடம் எங்கே என்று மோப்பம் பிடித்து, நேராகப் பின்பக்கம் போனான். அங்கே யார் இருக்கிறார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இதற்கு முன்னால் ஒரு கூத்து நடந்தது. மாமியார் உத்தரவு: "மாப்பிள்ளை வந்திருக்கார், அதைப் புடிச்சுக் கட்டு." எதை? வந்த நாயை இல்லை, வீட்டு நாயை! வந்தவன் வீடு முழுக்க அவிழ்த்துவிட்டபடி சுற்றுவானாம், இருக்கிறவள் கட்டுக்குள் கிடக்க வேண்டுமாம். நாய் வளர்க்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஒன்றைக் கட்டிவைத்து இன்னொன்றை அவிழ்த்துவிடுவதைப்போல ஆபத்தான ஏற்பாடு வேறு இல்லை. பயந்த நாய்க்கு முதலில் தோன்றுவது விலகிப் போய்விடலாம் என்பதுதான். கட்டியிருக்கிறதே, எங்கே விலகுவது? அதற்கு மிச்சம் இருப்பது பல் ஒன்றுதான். நான் இதைச் சொன்னேன். "நாயைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று பதில் வந்தது. நல்லவேளையாக, என் மகள் யாருக்கும் தெரியாமல் போய்ச் சங்கிலியைக் கழற்றிவிட்டாள்.

செல்லி உடனே பாயவில்லை. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முதலில் எழுந்து நின்றாள். திறந்திருந்த வாயை மூடிக்கொண்டாள். உடம்பு கட்டைபோல விறைத்தது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பினாள், வெள்ளை விழி பிறையாகத் தெரிந்தது. கழுத்திலிருந்து வால் வரைக்கும் மயிர் சிலிர்த்தது. அதற்கப்புறம்தான் அடித்தொண்டையில் ஓர் உறுமல். இவ்வளவு தெளிவாக ஒரு மனிதர்கூட எச்சரிக்கை கொடுக்க மாட்டார். நான் மாப்பிள்ளையிடம், "கோகோவைக் கூப்பிடுங்க, கிண்ணத்துக்கிட்ட போறான்" என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "விடுங்க சிஸ்டர், வாலை ஆட்டிக்கிட்டுதானே போறான். அதுங்களே பேசித் தீர்த்துக்கும்."

வால் ஆட்டினால் நட்பு என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? பின்பக்கமே சேர்ந்து ஆடுகிறமாதிரி தளர்வாக ஆட்டினால் அது சந்தோஷம். வாலைக் கம்பிபோலத் தூக்கி வைத்துக்கொண்டு நுனியை மட்டும் வெடவெடவென்று ஆட்டினால் அது வேறு. அப்புறம் அந்த "பேசித் தீர்த்துக்கும்". காலி மைதானத்தில், சோறும் இல்லாமல் சொந்த இடமும் இல்லாமல் சந்தித்தால் பெரும்பாலான நாய்கள் மோந்து பார்த்துவிட்டு விலகிக்கொள்ளும். சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் எந்த நாயும் பேசாது.

மாமியார் இதற்குள் செல்லியைப் பார்த்துத் துடைப்பத்தை ஓங்கினார், உறுமுகிறாளாம். உறுமுகிற நாயை அடிக்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? அது கடிக்காமல் இருப்பதற்காகத்தான் உறுமுகிறது. உறுமினால் அடி விழும் என்று பழகிவிட்டால் அது உறுமலைத்தான் விடும், கடியை விடாது. அடுத்த முறை சத்தமே இல்லாமல் கவ்வும். குரைக்கிற நாய் கடிக்காது என்று பழமொழி வேறு. அதைச் சொன்ன மகானுபாவர் நாய் வளர்த்திருக்க மாட்டார்.

கோகோ கிண்ணத்தில் வாயை வைத்தான். அவ்வளவுதான்.

சண்டை தொடங்கியதும் எங்கள் வீட்டு மனிதர்கள் செய்த காரியங்களைக் கேளுங்கள். நாத்தனார் "கோகோ! கோகோ!" என்று அலறினாள். மாமியார் முருகனைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை இப்போதுதான் எழுந்து, செருப்பைக் கழற்றிச் செல்லியின் முதுகில் அடித்தார். அடிபட்ட நாய்க்கு அது எதிரி கடித்த கடியாகத்தான் தெரியும், இன்னும் இறுக்கும். என் கணவர் செய்ததுதான் உச்சம். குனிந்து இரண்டு நாய்களின் கழுத்துப் பட்டையையும் பிடிக்கப் போனார். கழுத்துப் பட்டை எங்கே இருக்கிறது? வாய்க்குப் பக்கத்தில். அந்த நேரத்தில் நாய்க்கு எஜமானர் கையும் தெரியாது, எதிரியின் காதும் தெரியாது. கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் இறங்கியது. யாருடைய பல் என்று இன்றுவரை குடும்பத்தில் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு மட்டும் அன்றைக்கே செல்லிக்கு எதிராக எழுதியாகிவிட்டது.

நான் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை இரண்டின் முகத்திலும் வீசினேன். ஒரு நொடி பிடி தளர்ந்தது. "மாப்பிள்ளை, பின்னங்காலைப் பிடிங்க!" என்று கத்திவிட்டு செல்லியின் பின்னங்கால்கள் இரண்டையும் தொடைப் பக்கம் பிடித்துத் தூக்கி, பின்னால் நடந்தேன். சும்மா நேராக இழுத்தால் திரும்பி நம்மையே கடிக்கும், அதனால் வளைந்து வளைந்து பின்னால் போக வேண்டும். இரண்டு நாய்க்கும் ஆளுக்கொருவர் ஒரே நேரத்தில் இதைச் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்தால் மற்றது அதைக் குதறிவிடும். பல் பதிந்திருக்கும்போதும் இழுக்கக் கூடாது, சதை கிழிந்துவிடும். பிடி விட்ட அந்த நொடியில்தான் பிரிக்க வேண்டும். வாளி இல்லையென்றால் போர்வையைத் தூக்கிப் போடுங்கள், நாற்காலியையோ பலகையையோ நடுவில் செருகுங்கள். கையை மட்டும் நடுவில் கொண்டுபோகாதீர்கள். சிறு பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் முதலில் அவர்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துங்கள்.

அடுத்து வைத்தியம். மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்தார். நான் கணவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வைத்தேன். "ரெண்டும் ஊசி போட்ட நாய்தானே, எதுக்கு ஆஸ்பத்திரி" என்றார் மாப்பிள்ளை. அதை டாக்டர் சொல்லட்டும் என்று கிளம்பினோம். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றியே, வெறிநோய்க் கிருமியை அங்கேயே தடுக்கிற இம்யூனோகுளோபுலின் மருந்தைச் செலுத்தி, தடுப்பூசியையும் தொடங்கினார்கள். தோலுக்குள் போடுகிற முறையில் முதல் ஊசி, அந்த நாளைப் பூஜ்யமாக எண்ணி அப்புறம் 3, 7, 28ஆம் நாள். சதையில் போடுவதென்றால் 14ஆம் நாளும் ஒன்று. தொப்புளைச் சுற்றி ஊசி என்று இன்னமும் பயமுறுத்துகிறார்கள், அந்தக் காலம் மலையேறி எவ்வளவோ ஆகிவிட்டது.

திரும்பி வந்தால், ஹாலில் சமாதானப் பேச்சுவார்த்தை. "ரெண்டுக்கும் நடுவுல ஒரு பிஸ்கட்டைப் போடுங்க சிஸ்டர், ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுவாங்க" என்கிறார் மாப்பிள்ளை. சோற்றுக்காக அடித்துக்கொண்டவர்களுக்கு நடுவில் பிஸ்கட்! படித்த மனிதர், மாதம் லட்சத்தில் சம்பளம் வாங்குகிறார். சண்டை போட்ட நாயின் உடம்பிலிருந்து அந்தப் படபடப்பு உடனே இறங்காது. அன்றைக்கு முழுக்க ஒன்றின் கண்ணில் ஒன்று படாமல் வைப்பதுதான் புத்தி.

கோகோவின் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு துளை. "ஒண்ணுமில்ல, கீறல்" என்று விட்டுவிட்டார்கள். நாய்ப்பல் கடி வெளியே துளையாகத்தான் தெரியும், தோல் இழுபடுவதால் உள்ளே சதை கிழிந்திருக்கும், அழுக்கும் உள்ளே போய்விடும், மயிரை மழித்துப் பார்க்க வேண்டும், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஊருக்குப் போனபிறகு அது வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. உடனே பில்லைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள் நாத்தனார். கீழே ஒரு வரி: "என்ன இருந்தாலும் தெரு நாய் புத்தி."

அதைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. செல்லி யார் வீட்டுக்குப் போய் யார் கிண்ணத்தில் வாய் வைத்தாள்? அவள் இடத்தில் கோகோவும், கோகோ இடத்தில் அவளும் இருந்திருந்தால் நடந்ததை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பீர்கள்? "பாவம், அவன் வீட்டை அவன் காப்பாத்துறான், எவ்வளவு விசுவாசம்" என்று ஸ்டேட்டஸ் வைத்திருப்பீர்கள்.

வளர்ப்பு விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே என்று சட்டம் இருக்கிறது. நாத்தனார்மேல் அதைப் போட்டால் எனக்கு ஆயுள் தண்டனை கிடைக்கும், அது வேறு விஷயம்.

இத்தனைக்கும், ஒழுங்காகச் செய்திருந்தால் எல்லாம் முக்கால் மணி நேர வேலை. வீட்டுக்குள் வராமல் தெருமுனையில் காரை நிறுத்தி, கோகோவுக்குத் தண்ணீர் காட்டி, மூத்திரம் போக விட்டிருக்கலாம். நான் செல்லியைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். இரண்டையும் முகத்துக்கு முகம் நிறுத்தாமல், நல்ல இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடத்திக்கொண்டு போயிருக்கலாம், கயிறு தொய்வாக. இழுத்துப் பிடித்தால் அதுவே நாய்க்கு ஏதோ ஆபத்து என்று சொல்லிக்கொடுத்துவிடும். நடக்க நடக்க இடைவெளி தானாகக் குறையும், குறையாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று விட்டுவிட வேண்டும். அதற்குள் வீட்டில் கிண்ணம், எலும்பு, பந்து எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்தாயிற்று என்றால், சேர்ந்தே உள்ளே வரலாம். சாப்பாடு தனித்தனி அறையில். நாம் அசந்து தூங்கும் நேரத்தில் கதவு சாத்தியிருக்க வேண்டும். சரி, இவ்வளவுக்கும் பொறுமை இல்லையா? நாயைப் பார்த்துக்கொள்கிற விடுதி சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. பணம் செலவாகுமாம். என் கணவர் கை சும்மா வந்ததா?

இப்போது ஆயுத பூஜை விடுமுறைக்கு வருகிறார்களாம். "செல்லியை அந்த நாலு நாள் யார் வீட்டுலயாவது விட்டுடேன்" என்று மாமியார் தூது வந்தார். நான் குழுவில் பதில் போட்டுவிட்டேன். செல்லி எங்கேயும் போக மாட்டாள். கோகோ தாராளமாக வரட்டும். ஆனால் வீட்டில் கதவைச் சாத்தித் தனியாக வைக்கத் தோதான அறை, ஏசி போட்ட அந்த மாடி அறை ஒன்றுதான். அது கோகோவுக்கு. மாப்பிள்ளைக்கு ஹாலில் பாய் போட்டுத் தருகிறேன்.