ரோல் பாரைத் தரைத் தகட்டில் நிறுத்தாதீர்கள்

திறந்த ஹாட் ராடுக்கு (மாற்றிக் கட்டிய பழைய பாணிக் காருக்கு) ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு, வைத்தால் அழகும் பாதுகாப்பும் சேர்ந்தே வரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அழகு சரி. பாதுகாப்பு, அதை எதில் பொருத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் வீட்டு கராஜில் அண்ணனும் நானும் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் வடிவில் ஒரு வண்டி கட்டினோம். முதலில் வாங்கிய குரோம் பாரை அறுத்துப் பார்த்தால் சைலன்சர் குழாய் கனம்கூட இல்லை. நின்றதோ வெறும் தரைத் தகட்டில். வண்டி கவிழ்ந்தால் தகட்டைக் கிழித்துக்கொண்டு மடங்கிவிடும். கழற்றிவிட்டோம். இப்போது இருப்பது 1¾ அங்குல எஃகுக் குழாய், சுமார் 3 மில்லிமீட்டர் கனம். கால்கள் நேராகச் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்), பின்னால் இரண்டு சாய்வுத் தாங்கிகள்.

தோற்றத்துக்காகப் பலர் பாரைத் தாழ்த்துகிறார்கள், அதைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ., ஓட்டுநரின் ஹெல்மெட்டுக்கு மேல் 3 அங்குலமாவது இருக்க வேண்டும் என்கிறது. அப்புறம், தலை படும் இடத்தில் கெட்டியான பேடிங் கட்டாயம். தெருவில் ஹெல்மெட் போடாமல்தானே ஓட்டுகிறோம். பின்னாலிருந்து ஓர் இடி வாங்கினாலே மண்டை இரும்பில் மோதும்.

ஓட்டுநர் பக்கம் மட்டும் ஒற்றை வளைவு வைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து சீட்டில் அண்ணன் மகள் உட்காருகிறாள். அதனால் முழு அகலத்துக்கும் வைத்தோம்.