சிக்கனமாக இரு என்று சொல்வதற்கு முன்னால்

சிக்கனம் பற்றி யார் பேசினாலும் அது ஒரு தனி ஆளுக்குச் சொல்லும் புத்திமதியாகவே முடிகிறது. வரவு செலவை எழுதி வை, தேவையில்லாததை வாங்காதே, சம்பளம் வந்ததும் ஒரு பங்கை ஒதுக்கிவிடு. எல்லாம் சரிதான், நானும் அப்படித்தான் குடும்பம் நடத்துகிறேன். ஆனால் என்னைச் சுற்றி உள்ள வீடுகளைப் பல வருஷமாகப் பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற குடும்பத்தைச் சாய்ப்பது எதிர்பாராமல் வந்து நிற்கிற ஒரே ஒரு பெரிய செலவுதான். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இருந்தால் சேமிப்பு தப்பிக்கும். இல்லாவிட்டால் பல வருஷச் சிக்கனமும் ஒரு வாரத்தில் போய்விடும்.

கணக்காகவே பார்ப்போம். ஒருவருடைய மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகை, பள்ளிக்கூடம், மளிகை எல்லாம் போக எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் 5தான் மிச்சமாகிறது. வருஷக் கடைசியில் கையில் 60 இருக்கும். அப்போது வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை, செலவு 200. இருக்கிற 60 போக 140 கடன் வாங்கியாக வேண்டும். அவசரத்துக்கு வெளியே வாங்குகிற கடன், நூற்றுக்கு மாதம் 5 வட்டி என்று கிடைக்கிறது. 140க்கு மாத வட்டி மட்டும் 7. அவரால் மிச்சம் பிடிக்க முடிந்தது 5. அதாவது இதுவரை இருந்த அத்தனை சிக்கனத்தோடும் இருந்தால்கூட அவரால் வட்டியையே கட்டி முடிக்க முடியாது, அசல் அப்படியே நிற்கும். இவரிடம் போய் ‘இன்னும் கொஞ்சம் செலவைக் குறைக்கப் பாருங்க’ என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அதே 140ஐப் பத்துப் பேர் ஆளுக்கு 14 என்று வட்டியில்லாமல் கொடுத்திருந்தால், மாதம் 5 வீதம் 28 மாதத்தில் முடிந்துபோகிற கடன் அது.

‘முன்னாடியே திட்டம் போட்டிருக்கலாமே’ என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 2013இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்தது. தமிழ்நாட்டில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்தார்கள். கரும்புக்குப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் மொத்தமாக வரும். அதனால் அறுவடைக்கு முன்னால் நகை அடகில் இருக்கும், கடன் இருக்கும். பின்னால் கை கொஞ்சம் தாராளமாக இருக்கும். சிந்தனைத் திறனைச் சோதிக்கும் அதே வகைத் தேர்வுகளில் அதே விவசாயிகள் அறுவடைக்கு முன் குறைவாகவும் அதற்குப் பின் நன்றாகவும் செய்தார்கள். ஆள் மாறவில்லை, மூளை மாறவில்லை. பணக்கவலையே மண்டையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால் திட்டம் போடுவதற்கு எங்கே இடம்? கஷ்டத்தில் இருப்பவர் எடுக்கிற முடிவைப் பார்த்து அவருக்குப் பொறுப்பில்லை என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 464 பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இன்னொன்று. தனியாக இருந்து இறுக்கிப் பிடிக்கிறவர்கள் பிடிக்கக்கூடாத இடத்தில் பிடிக்கிறார்கள். பல்லில் சின்னக் குழி விழும்போதே அடைத்துவிட்டால் ஒரே தடவையில் முடிந்துவிடும். வலி பொறுக்கலாம் என்று தள்ளிப்போட்டால் சொத்தை வேர் வரைக்கும் போய், வேர் சிகிச்சை, மேலே உறை என்று பல மடங்கு ஆகும். ரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் மாத்திரை அட்டை ரெண்டு மாசம் வருதே என்பார்கள். தயவு செய்து இதைச் சிக்கனம் என்று சொல்லாதீர்கள். பக்கவாதத்தில் விழுந்தால் அந்தக் குடும்பத்தில் இரண்டு பேருடைய உழைப்பு நின்றுபோகும், படுத்தவருடையதும் பார்த்துக்கொள்கிறவருடையதும்.

சரி, சேர்ந்து செய்வது என்றால் என்ன? பெரிய அமைப்பு, சங்கம், பதிவு எண் எதுவும் வேண்டாம். எங்கள் குடியிருப்பில் ஒரு வாக்கர் இருக்கிறது. ஒரு வீட்டில் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தபோது வாங்கியது. சில மாதத்தில் அவர் கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்துவிட்டார், வாக்கர் கதவுக்குப் பின்னால் போய்விட்டது. அப்புறம் கீழ் வீட்டு அம்மாவுக்கு மூட்டு மாற்றினார்கள், அங்கே போனது. பிறகு இன்னொரு வீடு. போன தடவை அதை வைத்திருந்தவர்கள் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நாலு காலிலும் தேய்ந்துபோன ரப்பர் குமிழைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தார்கள். ரப்பர் தேய்ந்தால் அலுமினியம் டைல்ஸில் வழுக்கும், வாக்கரைப் பிடித்துக்கொண்டே இன்னொரு தடவை விழ வேண்டியதுதான். கொண்டுவந்து கொடுத்தவர் தரையில் உட்கார்ந்து, காலில் இருக்கும் பொத்தானை அமுக்கி உயரத்தை மாற்றினார். கையைத் தொங்கவிட்டு நில்லுங்க, மணிக்கட்டு எங்க இருக்கோ அங்க பிடி வரணும் என்று சொல்லிச் சரிபார்த்தார். அவர் ஏற்கெனவே தன் வீட்டில் பட்டுக் கற்றுக்கொண்டது அது. பொருளோடு சேர்ந்து அந்த அனுபவமும் வீட்டுக்கு வீடு போகிறது. கடையில் வாங்கியிருந்தால் இது கிடைத்திருக்காது.

இப்படி வருஷத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் எடுக்காத பொருள் எத்தனை! ஏணி, துளை போடும் டிரில், பெரிய சூட்கேஸ், தொட்டில், ஊன்றுகோல், மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்க உதவும் நெபுலைசர். (நெபுலைசரில் இயந்திரத்தை மட்டும் பகிரலாம். முகமூடி, மருந்து ஊற்றும் கிண்ணம், குழாய் மூன்றும் ஆளாளுக்குத் தனியாகத்தான் வேண்டும், இதில் சமரசம் கூடாது.) யாரிடம் என்ன இருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் இருந்தால் போதும். மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வது, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஒரே வண்டியில் அனுப்புவது எல்லாம் அதற்குப் பிறகு தானாகவே வரும்.

பணத்துக்கும் வழி இருக்கிறது, உலகம் முழுக்கப் பழைய வழி. நாம் சீட்டு என்கிறோம். மெக்சிகோவில் தாந்தா, எத்தியோப்பியாவில் எக்குப், இந்தோனேசியாவில் அரிசான், தென்னாப்பிரிக்காவில் ஸ்டாக்வெல். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்களா என்பதைவிட, இத்தனை ஊர்க்காரர்களுக்கும் இது பயன்பட்டிருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஏலம் இல்லாத, குலுக்கல் சீட்டின் கணக்கு எளிமையானது. பத்துப் பேர், மாதம் ஆளுக்கு 100, மாதம் ஒருவருக்கு 1,000. போட்டதற்கு மேல் யாருக்கும் ஒரு காசு அதிகம் கிடைப்பதில்லை. தனியாகச் சேர்த்தால் ஒவ்வொருவருக்கும் 1,000 சேரப் பத்து மாதம் ஆகும். சேர்ந்து போட்டால் கடைசி ஆளைத் தவிர ஒன்பது பேருக்கும் அதற்கு முன்பே மொத்தமாகக் கிடைக்கிறது, பத்துப் பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக ஐந்தரை மாதத்தில். கடைசியாக எடுப்பவர்கூடத் தனியாகச் சேர்த்திருந்தால் எப்போது கிடைத்திருக்குமோ அப்போதே பெறுகிறார். வட்டி இல்லாமல் யாருக்கும் நஷ்டம் இல்லாமல் நேரத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கிற ஏற்பாடு. அந்த மாதம் யாருக்காவது அவசரம் என்றால் குலுக்காமல் அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு விதி சேர்த்தால் அதுவே காப்பீடு மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் ஒருவரை ஒருவர் நேரில் அறிந்த சின்ன வட்டத்துக்குள் மட்டும்தான் இதெல்லாம். அதிக லாபம் தருகிறேன், ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் தருகிறேன் என்று யாராவது சொன்ன நிமிஷமே அது வேறு விஷயம், பக்கத்தில் போகாதீர்கள்.

பணம் போடவும் வழியில்லாதவர் என்ன செய்வது? நேரம் கொடுக்கலாம். ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த தெருகோ மிசுஷிமா என்ற பெண்மணி 1973இல் உழைப்பு வங்கி ஒன்றைத் தொடங்கினார். அதில் சேமிப்பது பணத்தை அல்ல, மணிநேரத்தை. நான் உங்கள் குழந்தையை இரண்டு மணிநேரம் பார்த்துக்கொண்டால் என் கணக்கில் இரண்டு மணி ஏறும், பின்னால் எனக்குத் தேவையானபோது எடுத்துக்கொள்வேன். மருத்துவமனையில் இரவு துணைக்கு இருப்பதற்கும், வயதானவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போவதற்கும், விண்ணப்பம் நிரப்பித் தருவதற்கும் பணம் கொடுத்து ஆள் வைக்க முடியாத வீடுகள்தான் அதிகம். அங்கே ஒரு மணிநேரம் என்பது எவ்வளவு பெரிய உதவி என்று, அரைநாள் சம்பளம் வெட்டுப்பட்டு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இத்தனை இருந்தும் பலர் வாய் திறந்து கேட்பதில்லை. கொடுப்பதைவிடக் கேட்பதுதான் கஷ்டம். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று மறைத்து மறைத்து, வெளியே தெரியாத இடத்தில் அதிக வட்டிக்கு வாங்கிவிடுகிறார்கள். இதில் கேட்கிறவரைக் குறை சொல்ல மாட்டேன். உதவி செய்துவிட்டு அதைப் பத்து இடத்தில் சொல்கிறவர்களால் வந்த பயம் அது. பணம் வாங்கியவர் புதுச் சட்டை போட்டாலே கணக்குப் பார்க்கிற கண்களால் வந்த பயம். உதவி செய்தபின் அந்த வீட்டுச் செலவுக்கு நீங்கள் தணிக்கையாளர் இல்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு அவர்கள் பலூன் கட்டினால் கட்டிவிட்டுப் போகட்டும்.

கேட்க வைக்காமலே கொடுக்கிற வழியும் இருக்கிறது. ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்பதை விட்டுவிடுங்கள், அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. ‘வியாழக்கிழமை எனக்கு லீவு, அப்பாவை டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன், எத்தனை மணிக்கு வரட்டும்?’ என்று கேளுங்கள். நேரத்தைச் சொன்னால் போதும், உதவி கேட்ட மாதிரியே இருக்காது.

பணக் கைமாற்று என்றால் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொகை, தேதி, எப்போது திருப்புவது, முடியாவிட்டால் எத்தனை நாள் முன்னால் சொல்வது. நெருங்கியவர்களுக்குள் எதற்கு எழுத்து என்று கேட்பார்கள். நெருக்கம் கெடாமல் இருக்கத்தான். ஞாபகக் குறைவால் முறிந்த நட்பு ஏராளம். அப்புறம், தவணை தவறினால் முதலில் ஒரு போன் போட்டு உடம்பு எப்படி இருக்கு என்று விசாரியுங்கள். பணத்தைக் காரணம் காட்டிப் பேச்சை நிறுத்தினால் அவருக்குக் கடனோடு தனிமையும் சேர்ந்துவிடும்.

இதற்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராபர்ட் டவுன்சென்ட் என்ற பொருளாதார அறிஞர் தென்னிந்தியாவின் வறண்ட பகுதியில் மூன்று கிராமங்களின் குடும்பக் கணக்குகளை ஆராய்ந்து 1994இல் எழுதினார். ஒரு வீட்டில் வருமானம் விழுந்தாலும், ஒருவர் படுத்துவிட்டாலும், அந்த வீட்டின் நுகர்வு அதே அளவுக்கு விழவில்லை. பெரும்பாலும் ஊரின் சராசரியோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. ஒருவரை ஒருவர் எப்படியோ தாங்கியிருக்கிறார்கள். ஆனால் ஊர் முழுக்க மழை பொய்த்தால்? ஒரே ஆலையை நம்பியிருக்கிற தெருவில் ஆலையே மூடினால்? தாங்குகிற கைகளே இல்லாமல் போகும். அதற்கு அரசாங்கம் வேண்டும், அரசு மருத்துவமனை வேண்டும், வேலை போனவனுக்கு நிவாரணம் வேண்டும். அக்கம்பக்கத்து உதவியைக் காட்டி அந்தப் பொறுப்பிலிருந்து யாரும் நழுவிப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. மூன்றில் ஒரு கிராமத்தில் நிலமில்லாதவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் கிடைத்திருக்கிறது. யாருக்கு அதிகம் தேவையோ அவர் வட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார். நம் குடியிருப்பிலும் இதே கதைதான். பட்டியலில் இருப்பதெல்லாம் சொந்த வீட்டுக்காரர்கள். போன மாதம் வாடகைக்கு வந்தவர், படிக்கட்டைக் கூட்ட வருகிற அம்மா, இரவுக் காவல்காரர் யாருமே வாட்ஸ்அப் குழுவில் இல்லை. அவர்களுடைய எண்ணையும் சேருங்கள். பதினோரு மாத ஒப்பந்தம்தானே, காலி செய்துகொண்டு போய்விடுவார்களே என்றால், போகட்டும். இருக்கிற வரைக்கும் ஏணியும் வாக்கரும் அவர்களுக்கும் உண்டு.