காப்பியடித்ததுதான் அடித்தார்கள், முழுசாக அடித்திருக்கலாம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது) குட்டிச்சுவராகப் போனதற்குக் காரணம் ஆட்டக்காரப் பையன்கள் காசு வாங்க ஆரம்பித்ததுதான் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சனிக்கிழமை கல்லூரி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். என்று செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை வார இறுதி மொத்தத்தையும் இதற்கே எழுதிக்கொடுத்துவிட்ட ஆள் நான். இதைப் பற்றி வீட்டில் என்ன பேச்சு என்பது இந்தப் பதிவுக்கு வேண்டாம். என் கட்சி இதுதான்: பையன்களுக்குக் காசு கொடுத்தது சரி. கெடுத்தது மேலே உட்கார்ந்து ஒப்பந்தம் போடுகிறவர்கள். என்.எஃப்.எல். மாதிரிப் பணம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ஆனால் அந்த லீக்கை ஒழுங்காக ஓட வைக்கிற பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதியை மட்டும் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பசிபிக் கரையில் நடந்ததைப் பாருங்கள். கல்லூரிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பைக் கான்ஃபரன்ஸ் என்பார்கள். 1915-ல் வேர்விட்ட கான்ஃபரன்ஸ், பிற்பாடு பேக்-12 என்று பெயர் எடுத்தது. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரிகளான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போகிறோம் என்று கிளம்பின. அடுத்த வருடம் கொலராடோ. அப்புறம் ஆரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா எல்லாம் வரிசையாக மூட்டை கட்டின. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் போய்ச் சேர்ந்த இடத்தின் பெயர் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் இருந்துகொண்டு அட்லாண்டிக் கரையாம்! பன்னிரண்டில் மிஞ்சியது ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும்.

எல்லாம் டி.வி. பணத்துக்காக. ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் பிக் டென் போட்ட ஏழு வருட ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல். பேக்-12 கையில் கடைசியாக வந்தது ஆப்பிள் கொண்டுவந்த ஸ்ட்ரீமிங் திட்டம். அதை நம்பி யாரும் நிற்கவில்லை. இன்று பிக் டென்னில் 18 அணிகள். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் லாஸ் ஏஞ்சல்ஸின் யு.சி.எல்.ஏ.வும் ஒரே கான்ஃபரன்ஸ். ஃபுட்பால் அணிக்குத் தனி விமானம், ஒரு சீசனில் நாலைந்து வெளியூர் ஆட்டம், சமாளித்துவிடலாம். வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் பெண்கள்? வாரநாளில் நாட்டைக் குறுக்கே கடந்து போய் ஆடிவிட்டு வந்து மறுநாள் பரீட்சை எழுத வேண்டும். அந்த ஒப்பந்தம் பேசும்போது அவர்களை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஆப்பிள் கப் என்கிற ஆட்டம் (ஆப்பிள் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). சியாட்டிலில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கும், கிழக்கே கோதுமை வயல்களுக்கு நடுவில் புல்மன் என்ற சின்ன ஊரில் இருக்கிற வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும் 1900-லிருந்து இருக்கும் பகை. நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் வாரத்தில், சீசனே அங்கே வந்து முடியும். அண்ணன் ஒரு கல்லூரி, தங்கை இன்னொரு கல்லூரி என்கிற குடும்பத்தில் அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் பேச்சுவார்த்தை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கான்ஃபரன்ஸ் சிதறியதும் 2024-ல் அதை செப்டம்பர் மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆட்டம் என்னவோ பிரமாதம். முடியும் தறுவாயில் கோல் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால், நான்காவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், வாஷிங்டனை மறித்து நிறுத்தி 24-19 என்று வாஷிங்டன் ஸ்டேட் ஜெயித்தது. ஆனால் செப்டம்பர் வெயிலில், சீசன் சூடு பிடிக்கும் முன்பே நடந்து முடிந்துபோன ஆப்பிள் கப், கல்யாணத்துக்கு முன்னாலேயே பந்தி போட்ட மாதிரிதான் இருந்தது.

ஆப்பிள் கப்பாவது நடக்கிறது. ஓக்லஹோமாவுக்கும் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் 1904-லிருந்து நடந்த பெட்லம் என்ற மோதல் 2023 நவம்பரோடு நின்றே போனது. ஓக்லஹோமா எஸ்.இ.சி. என்ற தெற்கத்திய கான்ஃபரன்ஸுக்குப் போகிறது, இனிமேல் நேரமில்லை, அவ்வளவுதான். கடைசி ஆட்டத்தில் 27-24 என்று ஸ்டேட் ஜெயித்து, ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி ஆடித் தீர்த்தார்கள். நியாயமாகச் சொன்னால் இந்தக் குலுக்கலில் ஒரு நல்லதும் நடந்தது. 2011-க்குப் பிறகு ஆடாமல் முறைத்துக்கொண்டிருந்த டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 2024-லிருந்து மறுபடி மோதுகின்றன.

இப்போது என்.எஃப்.எல். பக்கம் வாருங்கள். முழுக்க முழுக்கக் காசுக்காக நடக்கிற லீக். அதை யாரும் மறைப்பதில்லை. ஆனால் அந்த லீக்கில் கிரீன் பே பேக்கர்ஸும் சிகாகோ பேர்ஸும் வருடத்துக்கு இரண்டு தடவை ஆடியே ஆக வேண்டும். 1921-ல் ஆரம்பித்த பகையை இன்னும் கெடாமல் வைத்திருக்கிறார்கள். பாரம்பரியம், பாரம்பரியம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிற கல்லூரிகள்தான் அதை விற்றுத் தின்றன.

கிரீன் பே என்பது ஒரு லட்சம் சொச்சம் பேர் இருக்கிற ஊர். பேக்கர்ஸுக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது, பங்கு வைத்திருப்பவர்கள் சாதாரண ரசிகர்கள். நியூயார்க் அணிக்கு வருகிற அதே தேசிய டி.வி. பங்கு இந்த ஊருக்கும் வரும். 1961-ல் கமிஷனராக இருந்த பீட் ரோசெல், பெரிய ஊர் முதலாளிகளைச் சம்மதிக்க வைத்து, காங்கிரஸில் சட்டமும் வாங்கி, டி.வி. பணத்தைச் சமமாகப் பிரிக்க வழி பண்ணினார். அதற்கு மேல் டிராஃப்ட். கடைசியாக வந்த அணிக்குப் புது ஆட்டக்காரர்களில் முதல் உரிமை. 1994-ல் சம்பள உச்சவரம்பும் வந்தது, 2025-ல் ஒரு அணிக்கு 27.92 கோடி டாலர். இந்த வரம்பும் சரி, டிராஃப்ட் விதிகளும் சரி, ஆட்டக்காரர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டவை.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. டெட்ராய்ட் லயன்ஸ் 2008-ல் ஆடிய 16 ஆட்டத்திலும் தோற்ற அணி. 1992 ஜனவரிக்குப் பிறகு ஒரு பிளே ஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக் அவுட்) ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற தங்கள் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸ் அணிக்குக் கொடுத்து ஜாரெட் காஃபையும் டிராஃப்ட் உரிமைகளையும் வாங்கிக்கொண்டு, பொறுமையாக அணியைக் கட்டினார்கள். 2024 ஜனவரியில் அதே ஸ்டாஃபோர்டு எதிரணியில் வந்து நிற்க, 24-23 என்று லயன்ஸ் ஜெயித்தது. ராம்ஸ் வேண்டாம் என்று தள்ளிவிட்ட காஃபின் பெயரை லயன்ஸ் மைதானமான ஃபோர்டு ஃபீல்டில் அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் உத்தரவு வந்தது. நான் குறைக்கவில்லை.

கல்லூரியில் டிராஃப்ட் கிடையாது, சங்கம் கிடையாது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மண்டையில் குட்டியது. ஜூலையிலிருந்து பையன்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரக் காசு வாங்கலாம் என்று ஆனது. 2025-லிருந்து கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை. வெளி ஸ்பான்சர் பணம் அந்தக் கணக்கில் வராது என்பதால் அதை வரம்பு என்று சொல்வதே பெரிய மனசு.

"காசுக்காக வருஷா வருஷம் அணி மாறுகிறான்கள், விசுவாசமே இல்லை" என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023-ல் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்புவதற்காக டெக்சஸ் ஏ அண்ட் எம் ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை பார்க்காமல் இருப்பதற்கு! 2025-ல் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலை) பிளே ஆஃப் வாசலில் நிற்கும்போது அதன் கோச் லேன் கிஃபின் போட்டிக் கல்லூரியான எல்.எஸ்.யு.வுக்குக் கிளம்பிப் போனார். ஐம்பது வயதுக்காரர் போனால் முன்னேற்றம், இருபது வயதுப் பையன் போனால் துரோகமா?

கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதிகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலே விஷம் என்பவர்கள் இண்டியானாவைப் பார்க்கட்டும். தோல்விக்கே பேர்போன அணி. கர்ட் சிக்னெட்டி வந்தார், போர்ட்டல் வழியாக ஆள் சேர்த்தார், 2025 சீசனில் 16-0. கலிஃபோர்னியாவிலிருந்து மாறி வந்த ஃபெர்னாண்டோ மெண்டோசாவுக்கு, வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது. இறுதி ஆட்டம் மியாமிக்கு எதிராக, மியாமியின் சொந்த மைதானத்திலேயே. நான்காவது குவார்ட்டர், நான்காவது டவுன், ஃபீல்ட் கோல் அடித்து மூன்று புள்ளியோடு போதும் என்று போயிருக்கலாம். மெண்டோசா பந்தைத் தானே தூக்கிக்கொண்டு நடுவில் ஓடி, இடித்தவர்கள் மேலேயே சுழன்று, கையை நீட்டிப் பாய்ந்தார். டச்டவுன். ஆட்டம் முடிந்தபோது 27-21 என்று இண்டியானா ஜெயித்தது. பழைய விதிப்படி, அணி மாறிய பையன் ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஆட்டக்காரர்களைச் சம்பளக்காரர்கள் என்று ஒப்புக்கொள்ளுங்கள், சங்கம் வைக்க விடுங்கள், இரண்டு மூன்று வருட ஒப்பந்தம் போடுங்கள். அப்போது அவன் வருடா வருடம் ஓட மாட்டான், ஓடினாலும் விதி இருக்கும். ஃபுட்பாலை மட்டும் தனியாகப் பிரித்து அந்தந்த வட்டாரத்துக் கல்லூரிகளை ஒன்றாகப் போடுங்கள். வாலிபால் பெண்களைப் பக்கத்து மாநிலத்திலேயே ஆட விடுங்கள். எஸ்.இ.சி.யும் பிக் டென்னும் மற்றவர்களோடு டி.வி. பணத்தைப் பங்கு போட ஒத்துக்கொள்ளுமா என்றால், சுலபத்தில் ஒத்துக்கொள்ளாது. 1961-ல் நியூயார்க் முதலாளிகளும் சந்தோஷமாகவா கொடுத்திருப்பார்கள்?

ஆட்டம் சமனில் நின்றால் வரும் ஓவர்டைமை மட்டும் என்.எஃப்.எல்லிடமிருந்து எடுக்கவே வேண்டாம். 25 யார்டு கோட்டில் பந்தை வைத்து ஆளுக்கொரு தடவை என்கிற கல்லூரி முறையை மிஞ்ச எதுவும் இல்லை. 2018-ல் ஏ அண்ட் எம்மும் எல்.எஸ்.யு.வும் ஏழு ஓவர்டைம் போய் 74-72-ல் முடிந்த இரவை யாராவது மறக்க முடியுமா? 2021-ல் விதியைத் திருத்தி, மூன்றாவது ஓவர்டைமிலிருந்து ஆளுக்கொரு தடவை இரண்டு புள்ளிக்கான ஒற்றை முயற்சி மட்டும் என்று ஆக்கினார்கள். அந்த வருடமே இல்லினாயும் பென் ஸ்டேட்டும் ஒன்பது ஓவர்டைம் இழுத்து 20-18 என்று முடித்தன. பார்க்கிறவனுக்குக் கொட்டாவி. அந்தப் பழைய விதியை முதலில் திருப்பிக் கொண்டுவாருங்கள், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.