பிரேக் ஆயில் ஊற்றினால் பேட் தேய்மானம் தீராது

“பைக்கின் பின்பக்க டிஸ்க் பிரேக்கில் ஆயில் மட்டம் இறங்கினால் ஒரு பாட்டில் வாங்கி நிரப்புங்கள், பேட் மாற்றும் செலவு மிச்சம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு, ஆபத்தான தவறும்கூட.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிப்பது பேட். அது தேயத் தேய, பேட்டைத் தாங்கும் காலிப்பருக்குள் இருந்து அதைத் தள்ளும் பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே நகர்கிறது. அதன் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்பவே ஆயில் இறங்குகிறது. அளவு குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டைத்தான். மேலே ஊற்றினால் அந்த எச்சரிக்கை மறைந்துபோகும், தேய்மானம் நிற்காது. உராய்வுப் பகுதி முழுதும் தீர்ந்தால் இரும்புத் தகடு டிஸ்க்கைக் கீறும். பேட்டோடு டிஸ்க்கையும் மாற்ற நேரும். எங்கே போயிற்று மிச்சம்?

டார்ச் அடித்துக் காலிப்பருக்குள் பாருங்கள். தேய்மானத்தைக் காட்டப் பேட்டில் இருக்கும் பள்ளக் கோடு மறைந்திருந்தாலோ, உராய்வுப் பகுதி 1 மி.மீ. அளவுக்கு வந்திருந்தாலோ இரண்டு பேட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பேட் தடிமனாக இருந்தும் ஆயில் குறைகிறதென்றால் எங்கோ கசிவு இருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஏற்கெனவே நிரப்பிவிட்டவர்கள் கவனிக்கவும்: புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது கூடுதல் ஆயில் பொங்கி வழியும். டாட் 4 வகை பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். பட்ட இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மாற்றி முடித்ததும் முதல் மிதியில் பெடல் பிடிப்பில்லாமல் கீழே போகும். அது கெட்டிப்படும்வரை பலமுறை மிதிக்காமல் வண்டியை நகர்த்தவே கூடாது.