ஹவில்தார் என்றால் யார்?

வெளியே வேலை தேடும் முன்னாள் படைவீரர்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, வேலைக்கு எடுப்பவர்களுக்கு யார் பயிற்சி தருவது? ராணுவத்தில் 2022-க்கு முன் சேர்ந்த சிப்பாய்க்கு 15 ஆண்டுச் சேவையிலேயே ஓய்வூதியம் உண்டு. நாற்பதை ஒட்டிய வயதில் ஊர் திரும்புகிறவர்களே அதிகம். அம்பாசமுத்திரத்துக்கு அப்படி வந்தவர் என் அத்தான்; ராணுவத்தில் ஹவில்தார், அதாவது சிப்பாய்களுக்கு மேல் இருந்து அவர்களை நடத்துபவர். திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான் பக்கம் ஒரு வேலை நேர்முகத்தில், “ஹவில்தார் என்றால் வாட்ச்மேன் மாதிரியா?” என்று கேட்டிருக்கிறார்கள்! விண்ணப்பத்தில் பதவிப் பெயரை அடித்துவிட்டு, ‘முப்பது பேருக்குப் பணி பிரித்து, சரக்கு இருப்புக் கணக்கும் பார்த்தவர்’ என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த இடத்தில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. முதல் மாதம் எல்லோரையும் அதட்டித் தீர்த்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். “தம்பி, இது பரேடு மைதானம் இல்லை” என்று மூத்த தொழிலாளி ஒருவர் சொன்ன பிறகே குரல் இறங்கியது. இப்போது காலை டீயை அவரோடுதான் குடிக்கிறார்.