மோடத்தின் துளையில் ஊசி குத்த வேண்டாம்

"மோடத்தின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியை 30 விநாடி அழுத்தினால் இணைய வேகம் இரட்டிப்பாகும்" என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு. அது ரீசெட் பொத்தான். வைஃபையும் சேர்ந்த மோடமென்றால், நீங்கள் வைத்த பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துவிடும். கேபிள் மோடத்தின் வேக வரம்போ இணைய நிறுவனம் அனுப்பும் அமைப்புக் கோப்பில் இருக்கிறது, ஊசிக்கு எட்டாது.

கேபிள் இணையம் மந்தமானால் முதலில் மோடத்தில் கேபிள் சேரும் திருகு இணைப்பை விரலால் இறுக்கிப் பாருங்கள். கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஓர் இருவழி ஸ்ப்ளிட்டரே சுமார் 3.5 டெசிபல் சிக்னலைத் தின்றுவிடும், தேவையில்லையென்றால் கழற்றிவிடலாம். பெரும்பாலான கேபிள் மோடங்களில், பிரவுசரில் 192.168.100.1 என்று தட்டினால் சிக்னல் அளவை நீங்களே சரிபார்க்கலாம். கேபிள் இணையத்துக்கான டாக்சிஸ் 3.0 தரப்படி, உள்ளே வரும் சிக்னல் -15 முதல் +15 டிபிஎம்வி (சிக்னல் வலிமையின் அலகு) வரை இருக்கலாம்.

அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள், பாவம், அவர் ஊசியோடு உட்கார்ந்திருக்கக்கூடும்.